பிஸ்கட்டில் போட்ட மெட்ராஸ்

போர்ட் பிளேர் அபர்டீன் பஜார் டீக்கடை ஒன்றில், மேஜைமேல் பிஸ்கட்டுகளை அடுக்கி அப்பா எங்களுக்கு மெட்ராஸைக் காட்டினார்.

"இது ஹார்பர்" என்று மேஜை ஓரத்தில் ஒன்றை வைத்தார். "இது சென்ட்ரல் ஸ்டேஷன். இது மைலாப்பூர். இது மாம்பலம்." கடைசி பிஸ்கட்டை நடுவில் வைத்து விரலால் இரண்டு தட்டு தட்டினார். "இதான் ஆஸ்பத்திரி."

என் தம்பி சேகருக்கு அப்போது ஐந்து வயது. கையை நீட்டி மைலாப்பூரை எடுத்துத் தின்றுவிட்டான்.

கடையில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் மடியில் சேகரின் இடது கால் கிடந்தது. இரண்டு வயதில் வந்த காய்ச்சலில் சூம்பிப்போன கால். இளம்பிள்ளை வாதம். எங்கே உட்கார்ந்தாலும் அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்து நீவிக்கொண்டே இருப்பது அம்மாவின் வழக்கம்.

போன வாரம் சாத்தம் ஜெட்டியில் யானைகள் மரம் இழுத்ததைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் பிள்ளைப் பருவம் எவ்வளவு இனிமை!" என்று கடிதம் போட்டிருக்கிறார். அம்மா தாயே, இந்த வாரத்தையும் படியுங்கள்.

எந்தப் பேட்டை?

போர்ட் பிளேர் டாக்டர் கையை விரித்துவிட்டார். மெட்ராஸில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். வாரத்துக்கு மூன்று நாள் வெந்நீர் ஒத்தடம், பயிற்சி, காலுக்கு இரும்புச் சட்டம். ஒரு வருஷம் விடாமல் செய்தால், பிறகு இரும்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பையன் தானாக நடப்பான் என்றார்.

ஒரு வருஷம் என்றால் லாட்ஜில் தங்க முடியாது. வீடு பிடிக்க வேண்டும். பிள்ளைகளோடு இருக்கத் தகுந்த பேட்டை எது என்பதுதான் கேள்வி. மெட்ராஸைப் பார்த்தே இராதவர்கள்கூட அதற்குப் பதில் வைத்திருந்தார்கள்.

காண்டிராக்டர் செல்லையா, "மைலாப்பூர்தான் சார் டீசன்ட்டு. ஆனா நம்மளுக்கு வீடு குடுக்க மாட்டான்" என்றார். சென்ட்ரலுக்கு எதிரே ஒரு லாட்ஜில் இரண்டு நாள் படுத்துக் கிடந்ததுதான் அவருடைய மொத்த மெட்ராஸ் அனுபவம். கப்பலில் கலாசியாக இருந்த உசேன் பாய் ஹார்பர் பிஸ்கட்டைத் தொட்டுக் காட்டினார்.

"மண்ணடில எடுங்க சாப். கப்பல் டேட்டு மாறிக்கிட்டே இருக்கும். பக்கத்துல இருந்தாத்தான் தெரியும்."

தீவுக்காரன் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பார்ப்பது திரும்பி வரும் கப்பலைத்தான். எனக்கும் இன்றுவரை அந்தப் புத்தி போகவில்லை. பெங்களூரில் மகள் வீட்டுக்குப் போனால், கடலே இல்லாத அந்த ஊரில் விடிந்ததும் எந்தப் பக்கம் கடல் என்று மனசு தேடுகிறது.

அம்மாவுக்கு இந்த யோசனை எதுவும் தேவைப்படவில்லை.

"ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரம் வேணும். பஸ் நஹி. இவனைத் தூக்கிட்டு நான் எங்க பஸ்ஸுல ஏறுவேன்? பஸ், அவ்ளோதான்."

இரண்டாவது 'பஸ்' வண்டி இல்லை. எங்கள் ஊர் இந்தியில் 'போதும்' என்று அர்த்தம். அம்மாவின் தமிழ் அப்படித்தான் இருக்கும்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் புரசைவாக்கம் என்று ஒரு பிஸ்கட்டை வைத்தார். மாம்பலத்தை எடுத்து மறுபடி தட்டிலேயே போட்டுவிட்டார். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மாம்பலத்தில் அப்பாவின் கூடப்பிறந்த அண்ணன் சொந்த வீட்டில் இருந்தார் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரியும். அம்மாவைக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து அந்த அண்ணன் அப்பாவோடு பேசவில்லை. சொந்தப் பெரியப்பா வீடு இருக்கிற ஊரில்தான் நாங்கள் வாடகைக்கு வீடு தேடப் போனோம்.

லோக்கல்

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அப்பா தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து அரசாங்க ஸ்டோரில் குமாஸ்தா வேலைக்கு வந்தவர். அம்மா தீவிலேயே பிறந்தவள். அவளுடைய அம்மாவும் அப்பாவும்கூட அங்கேயே பிறந்தவர்கள். அதற்கு முந்தின தலைமுறைதான் கைதிகளாகக் கப்பலில் வந்தது. தண்டனை முடிந்தவர்களுக்குச் சர்க்கார் நிலம் கொடுத்தது. ஆண் கைதிக்கும் பெண் கைதிக்கும் கல்யாணம் செய்துவைத்தது. மதுரைக்காரனுக்கு வடக்கத்திப் பெண் என்றால் வடக்கத்திப் பெண்தான். எந்த ஊர், என்ன ஜாதி என்று யாரும் பொருத்தம் பார்க்கவில்லை. அவர்கள் வழி வந்தவர்களுக்கு எங்கள் தீவில் 'லோக்கல்' என்று பெயர். சர்க்கார் தாளிலும் அதுதான், தெருவிலும் அதுதான்.

"நீ யார்?" என்று கேட்டால் ஒருவன் பெங்காலி என்பான், ஒருவன் மலையாளி என்பான். அம்மா, "லோக்கல்" என்பாள். தலையை நிமிர்த்திச் சொல்வாள். எல்லோருக்கும் முன்னால் வந்து காட்டை வெட்டினவர்கள் என்ற திமிர் அதில் இருக்கும்.

அதற்காக எங்கள் தீவு சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எங்களுக்குள்ளும் சண்டை உண்டு, ஏச்சு உண்டு. ஆனால் கொள்ளுத் தாத்தா கொலை செய்தவர் என்பதை மறைக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. பள்ளிக்கூடத்தில் லோக்கல் பிள்ளைகள் நாங்கள் போட்டி போட்டுக்கொண்டு சொல்வோம். "எங்க தாத்தா ஒரு ஆளை வெட்டினார்" என்றால், "எங்க தாத்தா ரெண்டு பேரை" என்று இன்னொருத்தி கிளம்புவாள். திருட்டுக் கேஸில் வந்தவரின் பேத்திக்குத்தான் எங்களிடம் மரியாதை இல்லை.

மாடி வீடு

புரசைவாக்கத்தில் ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் ஒரு மாடி கிடைத்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. கீழே வீட்டுக்காரர்கள். பின்னால் கிணறு, முன்னால் வேப்பமரம், தெருக்கோடியில் பள்ளிக்கூடம். பிள்ளைகளோடு இருப்பதற்கு இதைவிட நல்ல இடம் இருக்க முடியாது என்று அப்பா மூன்று தடவை சொன்னார்.

வீட்டுக்கார அம்மாள் பெயர் ராஜம்மாள். ஐம்பது வயது இருக்கும். மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டுதான் கேட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்கம்மா. நாலு பேர் கேப்பாங்க, அதுக்குத்தான். நீங்க என்ன ஆளுங்க?"

அம்மா தலையை நிமிர்த்தி, "நாங்க லோக்கல்" என்றாள்.

ராஜம்மாள் முழித்தார். "லோக்கலா? இப்பத்தானே கப்பல்ல வந்தோம்னு சொன்னீங்க?"

"ஹாங், கப்பல்லதான் வந்தோம். ஆனா நாங்க லோக்கல்."

அப்பா சட்டென்று நடுவில் புகுந்தார். "தஞ்சாவூர் ஜில்லாங்க. உத்தியோக விஷயமாத்தான் தீவுல இருக்கோம். இவங்களுக்குத் தமிழ் அவ்வளவா வராது, அங்கேயே இருந்து இருந்து." பிறகு தன் ஜாதிப் பெயரைச் சொன்னார். எங்கள் அப்பாவுக்கு ஒரு ஜாதி இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். எனக்கு வயது பத்து.

ராஜம்மாளின் முகம் மலர்ந்தது. சாவியைக் கொடுத்தார். அம்மா அப்பாவைப் பார்க்காமல் படியேறினாள். மாடிக்குப் போனதும் அப்பா அவளிடம் இந்தியில் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளிடம் இதையெல்லாம் எதற்குச் சொல்வது என்று நினைத்திருப்பார். சொல்லித் தொலைத்திருக்கலாம்.

லீவு முடிந்து அப்பா கப்பலேறிவிட்டார்.

வாய்

முதல் இரண்டு மாதம் நன்றாகத்தான் போயிற்று. வாரத்தில் மூன்று நாள், அம்மா சேகரை இடுப்பில் வைத்துக்கொண்டு காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானத்துக்குள் திரும்பிவிடுவாள். காலில் சூடான கம்பளித் துணியைச் சுற்றும்போது அவன் போடும் கூச்சல் தெரு வரைக்கும் கேட்கும் என்பாள். இரும்புச் சட்டம் வந்தது. தோல் பட்டை, பக்கிள், முழங்காலில் ஒரு பூட்டு. இரண்டு மாதத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி நடந்தான். கால் கட்டைவிரல் லேசாக அசைந்தது. அதைப் பார்த்த டாக்டர், "குட், குட், விடாம வாங்க" என்றாராம். அன்றைக்கு அம்மா தேங்காய்ப்பால் பாயசம் காய்ச்சி ஒரு கிண்ணம் கீழே கொடுத்தனுப்பினாள். மறுநாள் ராஜம்மாள் அதே கிண்ணத்தில் குழம்பு ஊற்றி அனுப்பினார். அதிலிருந்து கிண்ணம் மேலும் கீழும் போய் வந்துகொண்டே இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் நானும் சேகரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். ராஜம்மாள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"உங்க அம்மாவைப் பெத்தவங்க எல்லாம் எந்த ஊரு? அவங்களும் தஞ்சாவூரா?"

நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் என் தமிழைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டிருந்த காலம் அது. நான் சொல்வதை ஒருவர் காது கொடுத்துக் கேட்கிறார் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மாவின் தாத்தா மதுரைப் பக்கம். வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் பங்காளியை மண்வெட்டியால் ஒரே போடு போட்டார். அவன் செத்துப்போனான். இவரைக் கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். போர்ட் பிளேரில் சொல்வதைப் போலவே கையை ஓங்கிக் காட்டிச் சொன்னேன். சேகர் கை தட்டினான்.

ராஜம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். பிறகு சிரித்தார். "அடி ஆத்தி! வாய்க்காத் தகராறா? எங்க ஊர்லயும் வெட்டிக்கிட்டுச் சாவானுங்க." அவ்வளவுதான். மறுநாளும் குழம்பு வந்தது.

அந்த வாரக் கடைசியில் அம்மா கொடுத்தனுப்பிய பாயசம், கிண்ணம் நிறைய, தொடாமல் திரும்பி வந்தது. ஆடை படிந்திருந்தது. கொண்டுவந்து வைத்த வேலைக்காரப் பெண் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. அம்மா அந்தக் கிண்ணத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை எங்கள் இரண்டு பேருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

மறுநாள் ராஜம்மாள் படிக்குக் கீழே நின்றுகொண்டு, அம்மாவைப் பார்க்காமல் வேப்பமரத்தைப் பார்த்துச் சொன்னார்.

"தம்பி பையன் வர்றான். மாடி வேணும். இந்த மாசத்தோட பாத்துக்குங்க."

"தீதிஜி, அக்கா, குழந்தைக்கு இன்னும் ஒன்பது மாசம் வைத்தியம் பாக்கணும். கால் அசையுது. நீங்களே பார்த்தீங்க."

"பார்த்தேன். கேட்டும் தெரிஞ்சுக்கிட்டேன். எங்க வீட்லயும் சின்னப் பிள்ளைங்க இருக்கும்மா. ஒரே கெணத்துத் தண்ணி."

நான் அம்மாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாயைக் கொடுத்துக் கெடுத்தது நான்தான் என்று எனக்குத் தெரியும். அம்மா திரும்பி என்னைப் பார்த்தாள். ஒன்றுமே கேட்கவில்லை. அடித்திருந்தால் ஆறியிருக்கும்.

அந்தத் தம்பி பையன் வரவே இல்லை. நாங்கள் போன பிறகு பல மாதம் மாடிக் கதவில் பூட்டுத்தான் தொங்கியது என்று ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி பிறகு அம்மாவிடம் சொன்னாள்.

மண்ணடி

அதே பேட்டையில் வேறு வீடு தேடினோம். அம்மாவும் நானும் வெயிலில் தெருத் தெருவாக நடந்தோம். 'வீடு வாடகைக்கு' என்ற பலகைகளை நான் படித்துச் சொல்வேன். அம்மாவுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அவள் பிள்ளையாக இருந்த காலத்தில் தீவுப் பள்ளிக்கூடத்தில் உருதுதான். புருஷன் கூட இல்லாத பெண், இந்தி கலந்த பேச்சு, காலில் இரும்போடு ஒரு பிள்ளை. இந்தி என்றாலே மெட்ராஸ் கொதித்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. எங்களைப் பார்த்ததும் பலகையைக் கழற்றிய வீடுகூட உண்டு. இரண்டு வீடுகளில், "ராஜம்மா வீட்ல இருந்தவங்கதானே?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் உசேன் பாயின் மச்சான் மண்ணடியில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தார். என்ன ஆள் என்று அவர் கேட்கவில்லை. "தீவா? வாங்க" என்றார். ஹார்பர் சங்கு காதுக்குள்ளேயே ஊதும். உசேன் பாய் சொன்னது சரிதான், கப்பல் எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று எங்களுக்கு நன்றாகத் தெரிந்தது.

ஆஸ்பத்திரிதான் தூரமாகிவிட்டது. இரண்டு பஸ் மாற வேண்டும். பஸ் நம்பர் பார்த்துப் பலகை படிக்க நானும் கூடவே போக வேண்டும். என் படிப்பு நின்றது. கூட்டத்தில் இரும்புக் கால் இடித்தால் திட்டுவார்கள். தூக்கிக்கொண்டு ஓடிவருவதற்குள் பஸ் கிளம்பிவிடும். வாரம் மூன்று நாள் என்பது இரண்டாயிற்று, பிறகு ஒன்றாயிற்று. மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்ததும் அதுவும் நின்றது. பிறகு போனபோது டாக்டர் காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாள் ஏன்மா வரல?" என்று கோபப்பட்டார். கட்டைவிரல் அசையவில்லை.

அம்மா வெளியே வந்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, சேகரின் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். "தீதி, அம்மா அழுவுது" என்று சேகர் என்னிடம் சொன்னான்.

வருஷம் முடியும் முன்பே கப்பலேறிவிட்டோம். ஜெட்டியில் காத்திருந்த அப்பா எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் சேகரின் காலைத்தான் பார்த்தார். இரும்பு அப்படியே இருந்தது.

"அந்த வீட்டுக்காரங்ககிட்ட என்ன சொன்னீங்க?" என்று வீட்டுக்கு வந்ததும் கேட்டார்.

"லோக்கல்னு சொன்னேன். அதுதான் நான்" என்றாள் அம்மா.

அப்பா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழியை அம்மா தன் தலையில் போட்டுக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டாத இடத்தில் திறந்த வாய், திறக்க வேண்டிய இடத்தில் மூடிக்கொண்டது. அம்மா இறந்த அன்றும் அவள் காதோரம் குனிந்து சொல்ல நினைத்தேன். சுற்றிலும் ஆட்கள் இருந்தார்கள்.

தட்டு

சேகர் இப்போது போர்ட் பிளேரில் பீனிக்ஸ் பேயில் இருக்கிறான். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். காலில் எத்தனையாவது இரும்போ, அவனுக்கே கணக்குத் தெரியாது. போன மாதம் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் மனைவி டீயும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் வைத்துவிட்டுக் கடைக்குப் போனாள்.

"சேகர், அந்த மெட்ராஸ் விஷயத்தை எழுதப் போறேன்டா" என்றேன். "அந்தப் பொம்பளைகிட்டச் சொன்னது நான்தான்னு எழுதிடப் போறேன். உன் காலைக் கெடுத்தவ நான்தான். உங்கிட்ட இதைச் சொல்லாமலே இவ்வளவு வருஷம் ஓட்டிட்டேன்."

அவன் முழங்கால் பூட்டைத் தளர்த்தி, இடது காலைக் கையால் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொண்டான்.

"தப்பா எழுதாதே தீதி."

"எது தப்பு?"

"நீ தாத்தா கதையைத்தான் சொன்னே. அதுக்கு அந்த அம்மா சிரிச்சாங்க. மறுநாளும் குழம்பு வந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. இத்தனை வருஷமும் எனக்குக் கணக்கு ஒத்துவராத இடம் அதுதான்.

"ரெண்டு நாள் கழிச்சு நீ ஸ்கூலுக்குப் போயிருந்தே. அம்மா கெணத்தடில இருந்தாங்க. நான் படியில உக்காந்திருந்தேன். 'தாத்தா கதையை அக்கா சொன்னா, பாட்டி எப்படிடா வந்தா தீவுக்கு?'ன்னு அந்த அம்மா கேட்டாங்க."

கொள்ளுப் பாட்டி வடக்கத்திக்காரி. அடித்து அடித்துக் கையை ஒடித்த முதல் புருஷனுக்குச் சோற்றில் விஷம் வைத்துவிட்டுத் தீவுக்கு வந்தவள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதை. எனக்கு அந்தப் பாயசக் கிண்ணம் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

"நீ சொன்னியா?"

"சொன்னேன்."

"எதுக்குடா சொன்னே?"

"பிஸ்கட் குடுத்தாங்க தீதி."

அவன் குரலில் அழுகை இல்லை. இந்த ஒரு வரியைத் தனக்குள்ளேயே ஆயிரம் தடவை சொல்லிப் பழகியவன்போல இருந்தது. ஐந்து வயதிலிருந்து அவனும் இதை யாரிடமும் சொல்லவில்லை. அம்மா காலை நீவிவிட்ட ஒவ்வொரு நாளும் அவன் வாயை மூடிக்கொண்டு படுத்திருந்திருக்கிறான். பக்கத்தில் நான் என் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

வேறு என்ன கேட்பது என்று தெரியாமல், "எத்தனை பிஸ்கட்?" என்றேன்.

"ரெண்டு. ஒண்ணு உனக்குன்னு எடுத்து வச்சேன். ஸ்கூல்லேர்ந்து வந்து நீ தின்னே."